கடன் ஏற்றிய சறுக்குவண்டி

2019-இல் லண்டன் போன்ஹாம்ஸ் ஏலக்கூடத்தில் ஒரு பழைய மரச் சறுக்குவண்டி 1,43,750 பவுண்டுக்கு விலை போனது. பார்வைக்கு ஒன்றுமில்லை. சக்கரம் கிடையாது. நீண்ட மரச் சட்டங்களைத் தோல்வாரால் இறுக்கிக் கட்டிய, ஒல்லியான ஒரு சாமான். எர்னெஸ்ட் ஷாக்கிள்டன் 1907-இல் நிம்ரோட் கப்பலில் அண்டார்ட்டிகாவுக்குக் கிளம்பியபோது உடன் போனது. பயணத்துக்குப் பின் குழுவின் மருத்துவர் எரிக் மார்ஷலிடம் இருந்தது. அது வெளிநாட்டுக்குப் போய்விடக் கூடாதென்று பிரிட்டிஷ் அரசு ஏற்றுமதிக்குத் தடை போட்டது. பிறகு தேசிய மரபு நினைவு நிதியின் உதவியோடு அருங்காட்சியகத்துக்கு வாங்கப்பட்டது.

பனியில் ஓடிக்கொண்டிருந்த நாளில் அந்த வண்டிக்கு இத்தனை மதிப்பு இல்லை. அதை இழுத்தவர்களின் தலைவர் கழுத்துவரை கடனில் இருந்தார். கிளாஸ்கோவில் கப்பல் கட்டும் தொழில் நடத்திய வில்லியம் பியர்ட்மோர் 7,000 பவுண்டு வங்கிக் கடனுக்கு உத்தரவாதக் கையெழுத்துப் போட்டதால்தான் நிம்ரோட் கிளம்பவே முடிந்தது. ஷாக்கிள்டன், மார்ஷல், ஆடம்ஸ், வைல்ட் என்ற நால்வர் 1909 ஜனவரி 9 அன்று தென் துருவத்துக்குச் சுமார் 180 கிலோமீட்டர் அருகில் நின்று, இனி போனால் திரும்ப முடியாது என்று கணக்குப் பார்த்து, அரசி அலெக்ஸாண்ட்ரா கொடுத்திருந்த கொடியை நட்டுவிட்டுத் திரும்பினார்கள். ஊர் சேர்ந்ததும் வீர வரவேற்பு. கடன் மட்டும் அப்படியே இருந்தது. அரசாங்கம் 20,000 பவுண்டு கொடுத்த பிறகுதான் மூச்சு வந்தது. பியர்ட்மோருக்குக் கிடைத்த வட்டி ஒரு பனியாறு: துருவப் பீடபூமிக்கு ஏறும் பெரும் பாதை இன்றும் பியர்ட்மோர் பனியாறு என்றுதான் வரைபடத்தில் இருக்கிறது.

துருவப் பயணம் என்றால் குளிர், பசி, தனிமை என்றுதான் எழுதுவார்கள். சறுக்குவண்டியின் வரலாற்றைத் தொடர்ந்து பார்த்தால் வேறொன்று தெரிகிறது. பனியில் இழுப்பதற்கு முன்பே அதை ஊரில் பல வருடம் இழுத்தாக வேண்டியிருக்கிறது. யார் யார் வாசலிலோ நின்று, அதற்குள் வைக்க வேண்டியதைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. பாதி வழியில் யாரும் உணவு கொண்டுவந்து தராத, நாயோ இயந்திரமோ இழுக்காத பயணத்தைத் துணையற்ற பயணம் என்கிறார்கள். அதில் கிடைக்கும் உதவி எல்லாமே கிளம்புவதற்கு முன் கிடைத்து, வண்டிக்குள் அடைந்து கிடக்கிறது. ஒரு பயணி இடுப்பில் வார் கட்டி இழுப்பது அதைத்தான்.

இந்த வண்டியின் பூர்வீகம் வட ஐரோப்பா. சாமி மக்கள் கலைமான் பூட்டி ஓட்டிய படகு வடிவ வண்டிக்குப் 'புல்க்' என்று பெயர். இன்றைய துருவப் பயணிகளும் தங்கள் வண்டியை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். இடையில் வந்த மர வண்டி, நார்வேயின் ஃப்ரிட்யோஃப் நான்சன் கைவண்ணம். 1888-இல் கிரீன்லாந்தைக் குறுக்கே கடக்க அவருக்கு ஒரு வண்டி தேவைப்பட்டது. நார்வே கிராமங்களில் கையால் இழுக்கும் வண்டி ஒன்று இருந்தது. அதன் அடிக்கட்டைகள் ஸ்கீ போல அகலமானவை, இளகிய பனியில் புதையாதவை. அதைத் திருத்தி, ஆஷ் மரத்தில், ஆணிக்குப் பதில் கட்டுகள் போட்டு, மேடு பள்ளத்துக்கு வளைந்து கொடுக்கும்படி செய்தார். வண்டியின் எடை சுமார் 13 கிலோ. ஏற்றிய சுமை ஏறக்குறைய 100 கிலோ.

மரமும் தோலும் நார்வேயில் கிடைத்தன, காசு கிடைக்கவில்லை. நான்சன் கேட்டது 5,000 குரோனர். தனி ஆளின் உல்லாசப் பயணத்துக்கு ஊர்ப் பணத்தை ஏன் கொடுக்க வேண்டும் என்ற பேச்சு எழுந்தது, அரசு மறுத்துவிட்டது. கோபன்ஹேகனில் இருந்த அகஸ்டின் கமேல் என்ற டேனிஷ் வணிகர் அந்தத் தொகையைத் தந்தார். நார்வே இன்றுவரை கொண்டாடும் பயணத்துக்கு முதல் போட்டவர் பக்கத்து நாட்டு வியாபாரி. நான்சனின் திட்டமும் துணிச்சலானது. மக்கள் இருக்கும் மேற்குக் கரையிலிருந்து கிளம்பாமல், ஆள் அரிதான கிழக்குக் கரையில் இறங்கி மேற்கு நோக்கி நடப்பது. பின்னால் திரும்பினால் சோறு இல்லை. முன்னால் போவதே வழி. ஆறு பேர் போனார்கள். அதில் சாமுவேல் பால்டோ, ஓலே ரவ்னா என்ற இருவர் சாமிகள். காற்று சாதகமாக இருந்த இடத்தில் கூடாரத் தரைத்துணியைப் பாயாகக் கட்டி வண்டிகளை ஓட்டினார்கள். இப்போதைய விதிப்படி பார்த்தால் அதுவே சர்ச்சைக்குரிய உதவி. அந்த வம்பைப் பின்னால் பார்ப்போம்.

நான்சன் வகை வண்டிதான் அடுத்த கால் நூற்றாண்டுக்குத் துருவத்தை ஆண்டது. கிறிஸ்தியானியாவில், அதாவது இன்றைய ஆஸ்லோவில், ஹாகன் என்ற பட்டறை அவற்றைச் செய்து விற்றது. ஷாக்கிள்டனும் அங்கே வாங்கினார், தென் துருவத்தை முதலில் தொடப் போட்டியிட்ட பிரிட்டனின் ஸ்காட்டும் அங்கே வாங்கினார், நார்வேயின் அமுண்ட்சென்னும் அங்கே வாங்கினார். மூவருக்கும் ஒரே கடை. அமுண்ட்சென் மட்டும் வாங்கியதோடு நிற்கவில்லை. அவருடைய குழுவில் ஓலாவ் பியாலண்ட் என்ற ஸ்கீ வீரர் தச்சு வேலையும் தெரிந்தவர். குளிர்கால இருட்டில் பனிக்குள் குடைந்த அறையில் உட்கார்ந்து, வண்டிகளைச் சீவிச் சீவி எடையில் பெரும்பகுதியைக் குறைத்துவிட்டார். துருவப் போட்டியில் ஸ்காட் தோற்றதற்குக் காரணம் நாயா, குதிரையா, உணவா என்று நூறு வருடமாகச் சண்டை நடக்கிறது. அந்த இழைப்புளியையும் பட்டியலில் சேர்க்கலாம் என்பேன்.

ஸ்காட்டின் வண்டிகளுக்கு வேறொரு சிறப்பு உண்டு. அவற்றுக்குக் காசு கொடுத்தவர்களில் பள்ளிப் பிள்ளைகளும் உண்டு. 1910-இல் அவர் இலக்கு வைத்தது 40,000 பவுண்டு. அரசு அதில் பாதி தந்தது. மீதிக்கு ஊர் ஊராகப் போனார்கள். துணைத்தலைவர் எட்வர்ட் எவன்ஸ் வேல்ஸ் பக்கம் போய்க் கார்டிஃப் நகரத்தையே தன் பக்கம் இழுத்தார். நிலக்கரி ஊர், கப்பலுக்கு நிலக்கரியே தந்தது. அந்தக் கப்பலான டெர்ரா நோவா 1910 ஜூன் 15 அன்று கார்டிஃபிலிருந்துதான் கிளம்பியது. குதிரைப்படை அதிகாரி ஓட்ஸும், இளைஞர் செர்ரி-கரார்டும் ஆளுக்கு 1,000 பவுண்டு கொடுத்துப் பயணத்தில் சேர்ந்தார்கள். சம்பளம் வாங்கிப் போகிறவர்கள் உண்டு, இவர்கள் கட்டணம் கட்டிப் போனவர்கள்.

பள்ளிகளுக்கு விடுத்த வேண்டுகோள் புத்திசாலித்தனமானது. மொத்தமாக 'நன்கொடை தாருங்கள்' என்று கேட்காமல், உங்கள் பள்ளி ஒரு குதிரையைத் தரலாம், ஒரு நாயைத் தரலாம், ஒரு கூடாரம், ஒரு தூங்குபை, ஒரு சறுக்குவண்டி தரலாம் என்று பிரித்துக் கேட்டார்கள். தந்ததற்கு அந்தப் பள்ளியின் பெயரையே வைத்தார்கள். பிள்ளைகள் கொடுத்த சில்லறை எங்கோ ஒரு பெருங்கணக்கில் கரையாமல், பெயர் பொறித்து அண்டார்ட்டிகாவில் ஓடியது. இன்று இணையத்தில் 'ஒரு கிலோமீட்டருக்கு நீங்கள் பொறுப்பு' என்று நிதி திரட்டுகிறவர்கள் எதையும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் களத்தில் மாலுமிகள் குதிரைகளுக்குத் தாங்கள் வைத்த பெயரைத்தான் கூப்பிட்டார்கள். பள்ளிப் பெயர்கள் பதிவேட்டோடு நின்றுவிட்டன. புரவலர் பெயருக்கும் வேலை செய்கிற இடத்துக்கும் அன்றே இவ்வளவு தூரம்.

கம்பெனிகள் பணத்தைவிடப் பொருளாகத் தந்தன. பிஸ்கட், கோகோ, கடுகு, கம்பளி உள்ளாடை. பதிலுக்குப் படம் வேண்டும். குழுவின் புகைப்படக்காரர் ஹெர்பர்ட் பாண்டிங் பனிமலைகளையும் பெங்குவின்களையும் எடுத்தது உலகப் புகழ் பெற்றது. அதே கேமராவால் டப்பாக்களோடு ஆட்களை உட்காரவைத்து விளம்பரப் படமும் எடுத்தார். அதில் அவமானம் ஒன்றும் இல்லை. உணவு வந்த வழி அது.

1911 நவம்பர் 1 அன்று, கரையோர முகாமான கேப் எவன்ஸிலிருந்து ஸ்காட்டின் துருவக் குழு கிளம்பியது. மோட்டார் வண்டிகள் சீக்கிரமே நின்றன. குதிரைகளை பியர்ட்மோர் அடிவாரத்தில் சுட வேண்டி வந்தது. நாய்களைத் திருப்பி அனுப்பினார்கள். அதற்குப் பின் 12 பேர், மூன்று வண்டிகள், மனித இழுவை. டிசம்பர் 31 அன்று, பீடபூமியின் மேல், 12 அடி வண்டிகளைப் பிரித்து 10 அடியாகக் குறைக்கும் வேலை நடந்தது. சுமை குறைந்துவிட்டது, இவ்வளவு நீளம் தேவையில்லை. உறையும் குளிரில் தச்சு வேலை. அதைச் செய்த மாலுமி எட்கர் எவன்ஸின் கையில் வெட்டு விழுந்தது. அந்தக் காயம் ஆறவே இல்லை. துருவம்வரை போய்த் திரும்புகையில் இறந்த ஐவரில் முதலில் விழுந்தவர் அவர்தான், 1912 பிப்ரவரி 17 அன்று.

அதற்கு ஒன்பது நாள் முன்பு, திரும்பும் வழியில், பட்டினியின் விளிம்பில், அவர்கள் பனியாற்றோரப் பாறைகளில் கல் பொறுக்கினார்கள். 16 கிலோ. எடைக்கு அஞ்சி மற்றதையெல்லாம் குறைத்தவர்கள் கல்லை மட்டும் இறக்கவில்லை. நவம்பர் 12-இல் தேடிப்போனவர்கள் கூடாரத்தைக் கண்டுபிடித்தபோது, பனிக்கடியில் புதைந்திருந்த வண்டியைத் தோண்டினார்கள். கற்கள் அதில் இருந்தன. அவற்றில் குளோசாப்டெரிஸ் என்ற அழிந்த தாவரத்தின் இலைப் படிவம். அதே தாவரத்தின் படிவம் இந்தியாவின் நிலக்கரிப் படுகைகளிலும் கிடைக்கிறது. அண்டார்ட்டிகாவும் இந்தியாவும் ஒரு காலத்தில் ஒட்டியிருந்தன என்பதற்கான சாட்சிகளில் அதுவும் ஒன்று. இந்தச் சறுக்குவண்டி எங்கள் பக்கத்துக்கு எதையாவது கொண்டு வந்ததா என்று கேட்டால், இதைச் சொல்லலாம்.

ஸ்காட் இறந்த செய்தி வந்ததும் பணம் கொட்டியது. உயிரோடு இருக்கும்போது ஒவ்வொரு நூறு பவுண்டுக்கும் படியேறிய பயணம் அது. இறந்தவர்களின் குடும்பத்துக்கென்று மேன்ஷன் ஹவுஸில் திறந்த நிதியில் 75,000 பவுண்டு சேர்ந்தது. கடனடைத்து, குடும்பங்களுக்குக் கொடுத்து, மிஞ்சியதில் 1920-இல் கேம்பிரிட்ஜில் ஸ்காட் துருவ ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. திட்டத்துக்குக் கிடைக்காத பணம் துயரத்துக்குக் கிடைக்கிறது என்பது துருவ நிதியின் பழைய, கசப்பான விதி.

புரவலர் பெயர்கள் வரைபடத்தோடு நிற்கவில்லை. ஷாக்கிள்டனின் அடுத்த பயணத்தில் அவரைக் காப்பாற்றிய படகின் பெயர் ஜேம்ஸ் கெய்ர்ட். கெய்ர்ட் டண்டி நகரத்துச் சணல் முதலாளி. 24,000 பவுண்டு தந்தவர். டண்டி ஆலைகளின் சணல் வங்காளத்து வயல்களிலிருந்து போனது. அந்த விவசாயிகளுக்கு வரைபடத்தில் ஒரு பாறைகூட இல்லை.

இதற்குப் பின் பல பத்தாண்டுகள் சறுக்குவண்டிக்கு ஓய்வுதான். விமானம் வந்தது, டிராக்டர் வந்தது, துருவத்திலேயே அமெரிக்க ஆய்வு நிலையம் வந்தது. மனிதன் இழுத்துப் போக வேண்டிய அவசியம் ஒழிந்தது. அவசியம் ஒழிந்த பிறகுதான் ஆசை பிறந்தது போலிருக்கிறது. 1985-86-இல் ராபர்ட் ஸ்வான், ரோஜர் மியர், கரேத் வுட் மூவரும் ஸ்காட்டின் தடத்தில், ரேடியோகூட இல்லாமல், 70 நாளில் சுமார் 1,400 கிலோமீட்டர் இழுத்துத் துருவம் சேர்ந்தார்கள். பணம் திரட்ட ஸ்வானுக்குப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர்கள் துருவத்தை அடைந்த வேளையில், கரையோரம் காத்திருந்த அவர்களுடைய சதர்ன் குவெஸ்ட் கப்பல் பனிக்கட்டிகள் நெருக்கி மூழ்கிப்போனது. அமெரிக்கர்கள்தான் விமானத்தில் ஏற்றி வெளியே கொண்டு வந்தார்கள்.

1990 மே 4 அன்று நார்வேயின் எர்லிங் காகேயும் போர்கே ஔஸ்லாண்டும் 58 நாள் நடந்து, வெளியுதவி வாங்காமல் வட துருவம் சேர்ந்தார்கள். காகே அடுத்துத் தனியாகத் தென் துருவத்துக்குக் கிளம்பினார். விமானக் கம்பெனி ரேடியோ கட்டாயம் என்றது. ரேடியோவை எடுத்துக்கொண்டார், பேட்டரிகளை விமானத்திலேயே விட்டுவிட்டார். 50 நாளில், 1993 ஜனவரி 7 அன்று, தனி ஆளாகத் துருவம். அதே பருவத்தில் ரனுல்ஃப் ஃபைன்ஸும் மருத்துவர் மைக் ஸ்ட்ரௌடும் கண்டத்தையே குறுக்கே கடக்க இறங்கினார்கள், ஆளுக்குச் சுமார் 220 கிலோ சுமையோடு. 95 நாள் தாக்குப்பிடித்து, கண்டத்தைக் கடந்து, ராஸ் பனித்தட்டின் மேல் உடல் ஒத்துழைக்காமல் விமானத்தை அழைத்தார்கள். ஸ்ட்ரௌட் தங்கள் இருவர் உடலையே ஆய்வுக்கூடமாக்கினார். சராசரியாக நாளொன்றுக்கு 7,000 கலோரிக்கு மேல் எரிந்தது. ஏற்றத்தில் 10,000-ஐத் தாண்டியது. சாப்பிட்டது 5,000 சொச்சம். மிச்சக் கணக்கை உடம்பு தன் தசையிலிருந்து கட்டியது.

1994 ஏப்ரலோடு, அண்டார்ட்டிகாவில் நாய்களுக்குத் தடை வந்தது. உள்ளூர் விலங்குகளுக்கு நோய் பரவக் கூடாது என்ற சுற்றுச்சூழல் விதி. இழுப்பதற்கு மனிதன் மட்டுமே மிஞ்சினான்.

இன்றைய வண்டியில் மரம் இல்லை. கெவ்லார், கார்பன் இழை, கண்ணாடி இழை. வடிவம் மறுபடி சாமிகளின் படகுக்கே திரும்பிவிட்டது: வளைந்த மூக்கு, ஆழமான வயிறு, மேலே ஜிப் வைத்த துணி மூடி. கையில் காசு இல்லாதவர்களுக்கு மலிவான பிளாஸ்டிக் வண்டி உண்டு. குளிரில் விரிசல் விட்டால் ஓட்டை போட்டுக் கம்பியால் தைத்துக்கொண்டு போக வேண்டியதுதான். இடுப்பு வாரிலிருந்து கயிறு, நடுவில் இழுபடும் ரப்பர் துண்டு. ஒவ்வொரு எட்டுக்கும் முதுகெலும்பு அதிராமல் இருக்க. ஆனால் எந்தப் பொருளில் செய்தாலும் ஒரு தொல்லை தீரவில்லை. வண்டி வழுக்குவது உரசலில் உருகும் மெல்லிய நீர்ப்படலத்தால். கடுங்குளிரில் அந்தப் படலம் சரியாக உருவாவதில்லை. அப்போது, ஆற்றுமணலில் வள்ளத்தை இழுப்பது எப்படியோ அப்படி. ஸ்காட்டும் இதே புகாரை எழுதி வைத்திருக்கிறார்.

வண்டி வாங்குவது சுலபம். அதைக் கிளம்பும் இடத்துக்குக் கொண்டு சேர்ப்பதில்தான் ஆள் ஒடிகிறான். சிலியின் புந்தா அரெனாஸ் நகரத்திலிருந்து பெரிய விமானம் யூனியன் பனியாற்றின் நீலப் பனிக்கட்டி ஓடுபாதையில் இறங்கும். அங்கிருந்து ஸ்கீ மாட்டிய சிறு விமானம் கரையோரத் தொடக்கப் புள்ளிக்கு. மொத்தச் செலவில் சிங்கப் பங்கு இதற்கும், அவசர மீட்பு ஏற்பாட்டுக்கும், காப்பீட்டுக்கும் போகிறது. துணையில்லாமல் போகிறவரும் மீட்பு விமானத்துக்கு முன்பணம் கட்டித்தான் போக வேண்டும். ஒவ்வொரு நாளும் சாட்டிலைட் போனில் இருப்பிடம் சொல்ல வேண்டும். சத்தம் இல்லையென்றால் தேட ஆரம்பிப்பார்கள். காகே பேட்டரியை விட்டுப் போன காலம் மலையேறிவிட்டது.

ஆக, நடக்கத் தெரிந்த ஒருவர் முதலில் கடிதம் எழுதக் கற்க வேண்டும். பொருள் கேட்டால் கிடைக்கும்: ஜாக்கெட், ஸ்கீ, உலர்த்திய உணவு. கம்பெனிக்கு அது கிடங்கில் இருக்கும் சரக்கு. பணம் கேட்டால்தான் மௌனம். பணம் கொடுக்கிற மேலாளர் கேட்பது ஒரே கேள்வி, இதில் எங்களுக்கு என்ன? அதற்குப் பதிலாகத்தான் வண்டியின் மூக்கிலும் ஜாக்கெட் தோளிலும் ஸ்டிக்கர்கள், பள்ளிகளில் பேச்சு, தினசரிப் பதிவு, ஒரு தர்ம காரியத்தின் பெயர். தர்ம காரியம் வெறும் ஒப்பனை என்று நான் நினைக்கவில்லை. ஃபைன்ஸும் ஸ்ட்ரௌடும் மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் நோயாளிகளுக்காகத் திரட்டினார்கள். நிஜமாகவே பணம் போய்ச் சேர்ந்தது. ஆனால் பயணச் செலவுக்கான பணமும் தர்மத்துக்கான பணமும் ஒரே பையில் விழக் கூடாது. கொடுப்பவர், தன் நூறு ரூபாய் நோயாளிக்குப் போகிறதா விமான எரிபொருளுக்குப் போகிறதா என்று கேட்டால், கூசாமல் சொல்ல முடிய வேண்டும். இதில் சறுக்கியவர்கள் பனியில் சறுக்கியவர்களைவிடக் கேவலப்பட்டிருக்கிறார்கள்.

கடிதங்களுக்குப் பதில் வருவதற்குள் உடம்பைத் தயார் செய்ய வேண்டும். பனி இல்லாத ஊரில் வண்டிக்குப் பதிலாள் டயர். பழைய கார் டயர் ஒன்றோ இரண்டோ, கயிறு, அதே இடுப்பு வார். மண் பாதையில் டயர் உரசும் உரசல் உறைபனியில் வண்டி தரும் எதிர்ப்புக்கு ஓரளவு நெருங்கும். பூங்காவில் நடக்கிறவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பும் நிதி திரட்ட உதவுகிறது. டயர் இழுக்கும் படம்தான் உள்ளூர்ச் செய்தித்தாளில் முதலில் வருவது.

அப்புறம் மூட்டை கட்டுதல். எனக்கு இந்தத் தொழிலில் மிகப் பிடித்த கட்டம் இது, ஏனென்றால் இங்கே வீரவசனம் செல்லாது; தராசுதான் பேசும். நாளுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ உணவு. 50 நாள் என்றால் 50 கிலோ. பனியை உருக்க வெள்ளை பெட்ரோல் நாளுக்குக் கால் லிட்டருக்குள். கூடாரம், தூங்குபை, அடுப்பு, சூரியத் தகடு, மருந்து, ஊசி நூல். எல்லாம் சேர்த்து 80, 90 கிலோவுக்குள் அடக்க வேண்டும். மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு 9. அதனால் வெண்ணெய், கொட்டைகள், சாக்லெட், எண்ணெய். சாக்லெட்டை வீட்டிலேயே சிறு துண்டுகளாக வெட்டிவிட வேண்டும். அங்கே போய் முழுதாகக் கடித்தால் பல் உடையும். கம்பெனி தந்த அழகான உறைகளை எல்லாம் கிழித்து எறிந்துவிட்டு, நாள் வாரியாக மெல்லிய பைகளில் மாற்ற வேண்டும். புரவலரின் சின்னம் அச்சிட்ட உறை குப்பைக்குப் போகிற முதல் பொருளாக இருப்பது நியாயமா என்றால், கிராம் கணக்கில் நியாயம்தான். பல்துலக்கியின் கைப்பிடியை அறுப்பவர்கள் உண்டு. எரிபொருள் எப்போதும் உணவிலிருந்து தள்ளி. ஒரு மூடி கசிந்தால் வாரக்கணக்கான சாப்பாடு நஞ்சாகும், அதோடு பயணம் முடியும். கூடாரக் கம்புகளைப் பாதி மாட்டிய நிலையிலேயே நீளப் பையில் மேலாக வைப்பார்கள். புயற்காற்றில் கையுறையைக் கழற்றாமல் நிமிடங்களில் நிறுத்துவதற்கு.

பெரும்பாலானோர் தொடங்கும் ஹெர்குலிஸ் இன்லெட் கடல் மட்டத்தில் இருக்கிறது. துருவம் 2,835 மீட்டர் உயரத்தில், சுமார் 1,130 கிலோமீட்டர் தொலைவில். காற்று துருவப் பக்கமிருந்து முகத்தில் அடிக்கும். ஆக, வண்டி மிகக் கனமாக இருக்கும் முதல் வாரத்திலேயே ஏற்றமும் பனிப்பிளவுகளும். பிறகு தினம் ஒரு கிலோவுக்கு மேல் குறைந்துகொண்டே வரும். கூடவே இழுப்பவரும் குறைவார். எல்லாமே தின்று தீர்வதில்லை. துருவத்துக்கு முந்தைய கடைசி ஒரு டிகிரி அட்சரேகைத் தூரத்தில் மனிதக் கழிவையும் வண்டியிலேயே ஏற்றிப் போக வேண்டும் என்பது விதி. புரவலருக்கு அனுப்பும் படத்தில் அந்தப் பை தெரியாது.

எது துணை, எது துணையில்லை என்ற வம்பு இங்கேதான் சூடு பிடிக்கும். பட்டம் கட்டிக் காற்றில் போனால் அது வேறு வகை. உணவு வைத்த இடத்தில் எடுத்துக்கொண்டால் வேறு. 2018 டிசம்பர் 26 அன்று கண்டத்தைத் தனியே கடந்து முடித்ததாக அமெரிக்கர் காலின் ஓ'பிரேடி அறிவித்தார். இரண்டு நாள் கழித்து பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி லூயிஸ் ரட் முடித்தார். துருவத்துக்கு அப்பால் இருவரும் நடந்தது, அமெரிக்க நிலையத்துக்கு டிராக்டர்கள் சரக்கு இழுக்கச் சமன்படுத்திக் கொடி நட்ட பாதையில். அது சாலைதானே, பாதை தேடும் வேலையும் மேடு ஏறி இறங்கும் வேலையும் மிச்சமாகிறதே என்று ஔஸ்லாண்ட் போன்ற மூத்தவர்கள் கேட்டார்கள். அதற்குப் பின் துருவப் பயணிகள் கூடி வகைப்பாட்டுத் திட்டம் ஒன்றை எழுதினார்கள். வெளியாருக்கு இது பிடிவாதச் சண்டையாகத் தோன்றலாம். ஆனால் 'முதன்முதலாக' என்ற சொல்லைக் காட்டித்தான் பணம் வாங்கப்படுகிறது. அந்தச் சொல்லைத் தணிக்கை செய்ய ஆள் வேண்டும்.

பணம் கொடுத்தவர்களின் முகம் நடுப் பனியில் நினைவுக்கு வந்தால் என்ன ஆகும்? 2013-14-இல் பென் சாண்டர்ஸும் டார்க்கா லெர்பினியரும் ஸ்காட் முடிக்காத பாதையை, கேப் எவன்ஸில் உள்ள அவருடைய குடிசையிலிருந்து துருவத்துக்குப் போய்த் திரும்பி, முடித்தார்கள். 105 நாள், 2,888 கிலோமீட்டர், தொடக்கத்தில் ஆளுக்கு 200 கிலோ. பின்னால் லேண்ட் ரோவர், இன்டெல் என்ற பெரிய பெயர்கள், பத்தாண்டுக் கனவு. திரும்பும் வழியில் பீடபூமியில் உணவு பற்றாமல் போனது. சாண்டர்ஸ் விமானத்தில் உணவு வரவழைத்தார். 'துணையற்ற' என்ற அடைமொழி அந்தப் போன் அழைப்போடு போயிற்று; இருவரும் உயிரோடு நடந்து முடித்தார்கள். நான் படித்ததில் மிகத் துணிச்சலான முடிவுகளில் ஒன்று இது.

ஹென்றி வொர்ஸ்லி அந்த அழைப்பைத் தாமதமாகச் செய்தார். காயமடைந்த ராணுவ வீரர்களுக்கான நிதிக்காக 2015 நவம்பரில் தனியே கிளம்பியவர். சுமார் 150 கிலோ வண்டி. 71-ஆம் நாள், 1,470 கிலோமீட்டர் கடந்து, முடிவுக்கு 50 கிலோமீட்டர் இருக்கையில் மீட்பு விமானத்தை அழைத்தார். 2016 ஜனவரி 24 அன்று புந்தா அரெனாஸ் மருத்துவமனையில் வயிற்றுத் தொற்றால் இறந்தார். அவர் வைத்த இலக்கு ஒரு லட்சம் பவுண்டு. அதையும் தாண்டிப் பணம் வந்தது. மேன்ஷன் ஹவுஸ் கதைதான் மறுபடி.

இந்தியப் பெயர்களும் இந்தப் பனியில் உண்டு. 2009 டிசம்பர் 29 அன்று ரீனா கௌஷல் தர்ம்சக்து, காமன்வெல்த் நாட்டுப் பெண்கள் குழுவோடு ஸ்கீயில் துருவம் சேர்ந்த முதல் இந்தியப் பெண்ணானார். செலவை ஏற்றது காஸ்பர்ஸ்கி என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம். பஞ்சாபிக் குடும்பத்தில் இங்கிலாந்தில் பிறந்த ப்ரீத் சண்டி, அப்போது ராணுவத்தில் பிசியோதெரபிஸ்ட். துருவப் பயணம் பற்றி ஒன்றுமே தெரியாத இடத்திலிருந்து தொடங்கி, டயர் இழுத்து, கிரீன்லாந்தில் பழகி, சேமிப்பைப் போட்டு, புரவலர்களைத் தேடி, 90 கிலோ வண்டியோடு 2022 ஜனவரி 3 அன்று 40 நாளில் தனியே துருவம் சேர்ந்தார். அடுத்த பருவத்தில் 120 கிலோவோடு கண்டத்தைக் கடக்கப் பார்த்தார். 70 நாளில் 1,484 கிலோமீட்டர்; வெளியுதவியும் இடையில் உணவும் இல்லாமல் தனி ஆள் ஒரு வழியில் நடந்த மிக நீண்ட தூரம் அப்போது அதுதான். மறுகரையைத் தொடுவதற்குள் பருவம் முடிந்து விமானம் ஏறினார். திரட்டிய பணத்தில் ஒரு பகுதியை, சாகசம் செய்ய விரும்பும் மற்ற பெண்களுக்கு உதவித்தொகையாக ஒதுக்கியிருக்கிறார்.

பருவம் முடிந்ததும் வண்டிகள் புந்தா அரெனாஸ் வந்து சேரும். சில, வாடகைக் கடைக்குத் திரும்பும். சில, புரவலரின் அலுவலக வரவேற்பறைக்குப் போகும். மற்றவை பாதி விலைக்குக் கைமாறும். வாங்குபவர் முதலில் செய்வது பழைய ஸ்டிக்கர்களைச் சுரண்டி எடுப்பதுதான். அந்த இடத்தில் ஒட்ட அவரிடம் இன்னும் ஒரு பெயரும் இருப்பதில்லை.